94, 941, 1.05, 0.00: ஐபெர்ஃப்3 காட்டும் எண்ணை வைத்துப் பழுதைப் பிடிப்பது

"அண்ணா, நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க" என்று போன் வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எங்கிருந்து எங்கே ஸ்லோ?" பெரும்பாலும் பதில் வராது. முள் ஓடுகிற ஸ்பீடு டெஸ்ட் ஒன்றை பிரவுசரில் போட்டுப் பார்த்திருப்பார்கள். அது லேப்டாப், வைஃபை, ரவுட்டர், ஃபைபர், எங்கேயோ இருக்கும் சர்வர் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். ருசி சரியில்லை என்று தெரியும், எதனால் என்று தெரியாது.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவியான ஐபெர்ஃப்3 அப்படியில்லை. இரண்டு கம்ப்யூட்டர்கள் வேண்டும். ஒன்றில் அதைச் சர்வராக ஓட விடுகிறோம், இன்னொன்றில் கிளையன்டாக. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் அது அளக்கும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாது. மெமரியில் உண்டாக்கிய டேட்டாவை அனுப்பி, மறுமுனையில் வாங்கித் தூக்கிப் போட்டுவிடும். பல வருடமாகச் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: ஐபெர்ஃப் காட்டும் எண் சும்மா 'அதிகம்', 'குறைவு' என்று சொல்வதில்லை. ஒவ்வொரு பழுதும் தனக்கென்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பையும் எண்களின்படியே போகிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'பெரிய' என்று சொன்னால் கேபிடல், சொல்லாவிட்டால் சின்ன எழுத்து. இதில் இரண்டு 'பி' வரும், இரண்டும் வேறு வேறு வேலை செய்யும். குழம்பாமல் இருக்க ஒன்றைப் பாம்பே பி என்றும் மற்றதைப் பழனி பி என்றும் சொல்கிறேன். டி என்றால் திருச்சி டி.

முதலில் ஒழுங்காக ஒரு தடவை ஓட்டுங்கள்

சர்வர் பக்கம்: ஐபெர்ஃப்3 -எஸ். கிளையன்ட் பக்கம்: ஐபெர்ஃப்3 -சி, பிறகு சர்வரின் ஐபி முகவரி. அவ்வளவுதான். 10 வினாடி ஓடும், வினாடிக்கு ஒரு வரி காட்டும், கடைசியில் இரண்டு வரிகளில் கணக்கை முடிக்கும். ஒன்று 'சென்டர்', இன்னொன்று 'ரிசீவர்'. நம்ப வேண்டியது ரிசீவர் வரியை. அனுப்புகிறவன் பஃபரில் கொட்டியதையெல்லாம் அனுப்பியதாகத்தான் சொல்வான். வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது வாங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

இங்கேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ஒன்றும் சொல்லாமல் ஓட்டினால் கிளையன்ட் அனுப்பும், சர்வர் வாங்கும். அதாவது உங்கள் லேப்டாப்பில் கிளையன்டை ஓட்டினால் நீங்கள் அளப்பது அப்லோடு. டவுன்லோடு வேண்டுமென்றால் கடைசியில் -பெரிய ஆர் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் போன் செய்யாதீர்கள்.

லினக்ஸில் 'ரெட்ர்' என்று ஒரு காலம் (நெடுவரிசை) வரும். தொலைந்து போய் மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அது. ஒரே சுவிட்சில் வயரில் இணைந்த இரண்டு மெஷின்களுக்கு நடுவே அது 0 அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் ஏறினால் வேகம் எவ்வளவு வந்தாலும் உள்ளே எதோ சரியில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, 'டிரான்ஸ்ஃபர்' காலம் பைட் கணக்கு, 'பிட்ரேட்' காலம் பிட் கணக்கு. 10 வினாடியில் 112 மெகாபைட் என்றும் 94.1 மெகாபிட் என்றும் பக்கத்துப் பக்கத்தில் காட்டும். இரண்டும் ஒன்றுதான், எட்டால் வகுக்கிற சங்கதி; பைட் பக்கம் 1024 கணக்கு, பிட் பக்கம் 1000 கணக்கு என்பதால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். "நூறு எம்பி பிளானுங்க, ஆனா பன்னெண்டுதான் வருது" என்று வருகிற புகார்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். 100 மெகாபிட் என்றாலே வினாடிக்கு 12.5 மெகாபைட்தான்.

இணைப்பே கிடைக்கவில்லை

எண் வருவதற்கு முன்பே பிழை வந்தால் வாசகத்தை வார்த்தை மாறாமல் படியுங்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒவ்வோர் அர்த்தம்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் நல்ல செய்தி. பாக்கெட் அந்த மெஷின் வரை போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. சர்வரை ஓட விட மறந்திருப்பீர்கள், அல்லது அந்தப் பக்கம் ஓடுவது பழைய ஐபெர்ஃப். பழைய இரண்டாம் பதிப்பு 5001 போர்ட்டில் காத்திருக்கும், மூன்றாம் பதிப்பு 5201-ல். மூன்றாவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருக்கும் இஎஸ்நெட் குழு முதலிலிருந்து புதிதாக எழுதியது; பெயர்தான் ஒன்று, இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. போர்ட்டை மாற்றிக் கொடுத்தாலும் பேசாது.

'டைம்டு அவுட்' என்றால் நடுவில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். விண்டோஸில் ஃபயர்வால்தான் முதல் சந்தேகம். ஐபெர்ஃபை முதன்முதலில் ஓட்டும்போது அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். அவசரத்தில் கேன்சல் அடித்திருப்பார்கள். அடித்தால், 'இதைத் தடு' என்று ஒரு விதி எழுதப்பட்டுவிடும். அதன்பிறகு பெட்டி மறுபடி வராது. ஃபயர்வாலின் உள்வரும் விதிகளைத் திறந்து, ஐபெர்ஃப் பெயரில் இருக்கும் தடை விதியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று பார்த்ததும் ரவுட்டிங் டேபிளைத் தோண்டப் போகாதீர்கள். ஒரே லேனில் (ஆபீஸின் உள் நெட்வொர்க்கில்) இந்த வாசகம் வந்தால் ஒன்று அந்த மெஷின் அணைந்திருக்கிறது, இல்லையென்றால் அது ஃபயர்வால்டி ஓடுகிற லினக்ஸ். அந்த ஃபயர்வால் விழுங்காது. முகத்துக்கு நேரே மறுத்து அனுப்பும், அந்த மறுப்பு நம்மிடம் இப்படி மொழிபெயர்ந்து வரும். பிங் போய் வருகிறது, ஐபெர்ஃப் மட்டும் இப்படிச் சொல்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

'சர்வர் பிஸி' என்று வந்தால் அது பிஸிதான். ஐபெர்ஃப்3 சர்வர் ஒரு நேரத்தில் ஒரு டெஸ்ட்டைத்தான் எடுக்கும். இரண்டு பேர் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு சர்வரை -பழனி பி 5202 என்று வேறு போர்ட்டில் ஓட விடுங்கள்.

வீட்டில் சர்வரை வைத்து வெளியிலிருந்து சோதிக்கப் பார்க்கிறவர்களுக்கு: ரவுட்டரின் வேன் முகவரி (இணையம் வரும் பக்கத்து ஐபி) 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் வீணாகப் போர்ட் ஃபார்வர்டு செய்துகொண்டு உட்காராதீர்கள். உங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளும் நீங்களும் ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தனியாகக் கூப்பிட வழியில்லை. சர்வரை வெளியே ஒரு கிளவுடு மெஷினில் வையுங்கள், வீட்டிலிருந்து கிளையன்டை ஓட்டுங்கள், டவுன்லோடுக்கு -பெரிய ஆர் போடுங்கள். அந்த -பெரிய ஆர் எழுதப்பட்டதே இதற்காகத்தானோ என்று தோன்றும்.

94-ல் வந்து நிற்கிறது

ஜிகாபிட் சுவிட்ச், ஜிகாபிட் கார்டு, புது கேபிள். ஐபெர்ஃப் மட்டும் வினாடிக்கு வினாடி 94.1, 94.2, 94.1. இந்த எண்ணைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் இது தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும் எண்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டை அனுப்ப முன்னும் பின்னும் சேர்த்து வயரில் 1538 பைட்டுக்கான நேரம் ஆகிறது. அதில் ஈதர்நெட்டின் முன்பின் சுமையையும் ஐபி, டிசிபி (வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்டே அனுப்பும் முறை) தலைப்புகளையும் கழித்தால் நம் டேட்டா 1448 பைட். வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்கு 94.1. ஆக 100 மெகாபிட் இணைப்பு பழுதே இல்லாமல் ஓடினால் 94.1 வரும், ஜிகாபிட் இணைப்பு பழுதே இல்லாமல் ஓடினால் 941 வரும். 94 பார்த்தால், இணைப்பு நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் தன்னை 100 மெகாபிட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் எத்டூல் போட்டால் 'ஸ்பீடு 100' என்று காட்டும். விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியிலேயே இருக்கும்.

ஏன் அப்படி நினைக்கிறது? 100 மெகாபிட்டுக்கு லேன் கேபிளின் எட்டு வயர்களில் நான்கே போதும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரே ஒரு வயர் ஒட்டாமல் போனாலும் இரண்டு பக்கமும் பேசி முடித்து 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், பிங் போகும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். டிசைன் ஃபைல்கள் பெரிசு பெரிசாக இருக்கும், சர்வரிலிருந்து திறக்க நேரமாகிறது என்று புகார். மேனேஜர் சுவிட்சை மாற்றியிருந்தார், அப்புறம் சர்வரையே மாற்றியிருந்தார். நான் போய் ஓட்டினேன்: 94.1. கணக்குப்பிள்ளை மேசைக்குப் பின்னால் இருந்த சுவர்ப் பெட்டியைத் திறந்தால் கேபிளின் நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் தனியாகப் பிரிந்து, ஒரு டெலிபோன் சாக்கெட்டில் போய் முடிந்திருந்தன. எப்போதோ ஒரு எலக்ட்ரீஷியன் ஒரே கேபிளில் நெட்டும் இன்டர்காமும் ஓட்டிக் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். "அந்த போன் வேலை செஞ்சே அஞ்சு வருசம் ஆச்சுங்க தம்பி" என்றார் கணக்குப்பிள்ளை. சாக்கெட்டைக் கழற்றி, நான்கு வயர்களையும் கீஸ்டோனில் அவற்றின் இடத்தில் இறக்கி, மறுபடி ஓட்டினேன். 941. மாற்றிய சர்வரின் விலையை மேனேஜர் அப்போது சொன்னார், இங்கே எழுதவில்லை.

எல்லா நேரமும் இவ்வளவு சுவாரசியமாக இருக்காது. பெரும்பாலும் ஆர்ஜே45 முனையில் ஒரு வயர் முழுதாக உள்ளே போகாமல் கிரிம்ப் ஆகியிருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த முனையை எதிரிலிருந்து வெளிச்சத்தில் பார்த்தால் எட்டுச் செப்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். ஏழு தெரிந்தால் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கேபிள் டெஸ்டரில் எட்டு லைட்டும் எரிந்தாலும் ஜிகாபிட் வராமல் போகலாம்: ஜோடியைப் பிரித்து வேறு ஜோடியோடு சேர்த்து முறுக்கியிருந்தால் கண்டினியூட்டி சரியாக இருக்கும், சிக்னல் சரியாக இருக்காது. அப்போது ரெட்ர் காலம் காட்டிக் கொடுக்கும்.

ஒரு பக்கம் பறக்கிறது, மறுபக்கம் நொண்டுகிறது

அனுப்பினால் 90, -பெரிய ஆர் போட்டால் 3 அல்லது 4. இணையத் திட்டமே அப்லோடும் டவுன்லோடும் வேறு வேறு என்றால் அதை முதலில் கழித்துவிடுங்கள். லேனுக்குள்ளேயே இப்படி என்றால், பழைய வழக்கம் ஒன்றின் மிச்சம் எங்கேயோ இருக்கிறது.

ஒரு காலத்தில் சுவிட்சில் '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' (இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்; ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான்) என்று கையால் பூட்டி வைப்பது நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பக்கம் பூட்டி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் ஊகித்துக்கொள்ளும்; டூப்ளெக்ஸை ஊகிக்க முடியாமல் ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவன் எப்போது வேண்டுமானாலும் பேசுவான். மற்றவன் தான் பேசும்போது சத்தம் கேட்டால் மோதல் என்று நினைத்து நிறுத்திவிட்டு, பிறகு மறுபடி தொடங்குவான். பிங் அழகாகப் போகும், ஏனென்றால் அதில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிற சந்தர்ப்பமே குறைவு. ஐபெர்ஃப் ஓட்டினால்தான் சண்டை தெரியும். சுவிட்சில் அந்தப் போர்ட்டின் கணக்கைப் பார்த்தால் ஒரு பக்கம் சிஆர்சி பிழைகளும் மறுபக்கம் 'லேட் கொலிஷன்'களும் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கத்தையும் ஆட்டோவில் விடுங்கள். செப்புக் கேபிளில் ஜிகாபிட் ஓட ஆட்டோ கட்டாயம், அங்கே பூட்டவே கூடாது.

இணைந்துவிட்டது, ஆனால் 0.00

எனக்கு ஒரு முழு இரவைத் தின்ற அறிகுறி இது. திரையில் இப்படி இருக்கும்: கனெக்டட் என்று வரும். முதல் வினாடியில் சில பத்து கிலோபைட். இரண்டாவது வினாடி 0.00. மூன்றாவது 0.00. ரெட்ர் காலத்தில் 1, 0, 1. அதற்குப் பக்கத்தில் 'சிவிண்ட்' (பதில் வருமுன் டிசிபி அனுப்பத் துணிகிற அளவு) காலத்தில் 1.41 கிலோபைட் என்று உட்கார்ந்திருக்கும்.

அந்த 1.41-தான் கதை. அது 1448 பைட், அதாவது ஒரே ஒரு முழு பாக்கெட். டிசிபி தன் நம்பிக்கையையெல்லாம் இழந்து, "சரி, ஒன்றே ஒன்று அனுப்பிப் பார்க்கிறேன்" என்கிற நிலைக்கு வந்துவிட்டது. அந்த ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஆனால் ஐபெர்ஃப் இரண்டு முனைகளும் பேசிக்கொள்ளும் சின்னச் சின்னக் கட்டளைப் பாக்கெட்டுகள் மட்டும் போய் வருகின்றன. சின்னது போகிறது, பெரியது போகவில்லை. வழியில் ஒரு வாசல் சிறியதாக இருக்கிறது.

வாசல் சிறியதாவது எப்படி? சாதாரண ஈதர்நெட்டில் பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். ஃபைபர் இணைப்பு பிபிபிஓஈ வழியாக வந்தால் 1492. நடுவில் வயர்கார்டு விபிஎன் இருந்தால் வழக்கமாக 1420. பெரிய பாக்கெட் அந்த வாசலில் முட்டும்போது, "இது பெரிசு, சின்னதாக அனுப்பு" என்று ஐசிஎம்பி மூலம் ஒரு பதில் வர வேண்டும். பாதுகாப்பு என்ற பேரில் யாரோ ஒருவர் ஃபயர்வாலில் ஐசிஎம்பியை முழுக்க அடைத்திருப்பார். பதில் வராது. அனுப்புகிறவன் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பான்.

சோதிப்பது எளிது. விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1472, பிறகு முகவரி. லினக்ஸில் பிங் -பெரிய எம் டூ ('செய்' என்ற ஆங்கிலச் சொல்) -எஸ் 1472, பிறகு முகவரி. 1472-உடன் தலைப்பு 28 பைட் சேர்ந்தால் 1500. இது போகாமல் 1464 போனால் வாசல் 1492. அதுவும் போகவில்லையென்றால் பத்துப் பத்தாகக் குறைத்துப் போகிற அளவைப் பிடியுங்கள். பிறகு ஐபெர்ஃபை -பெரிய எம் 1300 சேர்த்து ஓட்டுங்கள். 0.00 சட்டென்று உயிர் பெற்று ஓடினால் நோய் உறுதி. நிரந்தர மருந்து ரவுட்டரில்: டிசிபி எம்எஸ்எஸ் கிளாம்ப் என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். ஐசிஎம்பியை அடைத்தவரைக் கண்டுபிடித்து அதைத் திறக்கச் சொல்வது இன்னும் நல்லது; எனக்கு இதுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

யூடிபியில் 1.05 மட்டும்தான் வருகிறது

பழுதே இல்லை. -யு போட்டு யூடிபியில் (வந்ததா என்று கேட்காமல் கொட்டுகிற முறை) ஓட்டும்போது வேகம் சொல்லாவிட்டால் ஐபெர்ஃப் தானாகவே 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளும், திரையில் 1.05 என்று தெரியும். வேகத்தை -பாம்பே பி 50எம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யூடிபி சோதனையில் வேகத்தைப் பார்ப்பதே தவறு. நீங்கள் சொன்ன வேகத்தில் அது கொட்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது எத்தனை தொலைந்தது, ஜிட்டர் (பாக்கெட் வந்து சேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) எவ்வளவு என்பதை. 100 மெகாபிட் இணைப்பில் 200 கொட்டிவிட்டு "பாதி தொலைஞ்சு போகுதுங்க" என்று பதறினவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸில் ஐபி போன் பேசும்போது குரல் வெட்டி வெட்டி வருகிறது என்றால் அந்தப் போன் பேசுகிற மாதிரியே ஐபெர்ஃபைப் பேச வையுங்கள். ஜி.711 குரல் வினாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றும் ஆர்டிபி தலைப்போடு 172 பைட். ஐபெர்ஃப்3 -சி முகவரி -யு -பாம்பே பி 69கே -எல் 172 -டி 60. ஒரு நிமிடம் ஓடட்டும். அது ஓடும்போதே வேறொரு மெஷினிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு செய்யுங்கள். ஜிட்டர் அப்போது மட்டும் குதித்தால் குற்றவாளி போன் இல்லை. ரவுட்டரில் வரிசை நீண்டு நிற்கிறது, குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு வேண்டும்.

யூடிபி ஓட்டும்போது 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்' என்று பிழை வந்தால், டிசிபி 5201 திறந்திருக்கிறது, யூடிபி 5201 அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். யூடிபி சோதனைக்கும் இரண்டும் வேண்டும். பேச்சுவார்த்தை டிசிபியில்தான் நடக்கிறது.

பக்கத்துச் சர்வருக்கு முழு வேகம், தூரத்துச் சர்வருக்கு 2, 3, 16

சென்னையில் இருக்கும் சர்வருக்கு 95 வருகிறது, சிங்கப்பூருக்கு 16, அமெரிக்காவுக்கு 2. உடனே இணையக் கம்பெனிக்காரரைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

டிசிபி அனுப்பிய டேட்டாவுக்கு "வந்தது" என்று பதில் வரும்வரை ஓர் அளவுக்கு மேல் அனுப்பாது. அந்த அளவுதான் விண்டோ. விண்டோ 64 கிலோபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய் வர 32 மில்லிவினாடி. இதை எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. ஒவ்வொரு 32 மில்லிவினாடிக்கும் 64 கிலோபைட் என்றால் கணக்கு 16 மெகாபிட்டில் முடிந்துவிடும். போய் வர 250 மில்லிவினாடி ஆகிற அமெரிக்க சர்வர் என்றால் 2.1. பைப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குடத்தின் அளவு இதுதான்.

உறுதி செய்ய -பெரிய பழனி பி 8 போடுங்கள், எட்டு இணைப்புகள் ஒன்றாக ஓடும். மொத்த வேகம் ஏறக்குறைய எட்டு மடங்கானால் பைப் நன்றாக இருக்கிறது, குடம்தான் சின்னது. பிரவுசர் டெஸ்ட்டில் முழு வேகம் காட்டி ஐபெர்ஃபில் குறைவாகக் காட்டுவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம்: அவை பல இணைப்புகளைத் திறக்கும், ஐபெர்ஃப் சொல்லாதவரை ஒன்றைத்தான் திறக்கும். எட்டு போட்டும் மொத்தம் ஏறவே இல்லையென்றால் இப்போது தாராளமாகக் கம்பெனிக்குப் போன் செய்யலாம்.

குடத்தைப் பெரிதாக்க -டபிள்யூ என்று ஒரு வழி உண்டு. லினக்ஸில் நான் அதைத் தொடுவதில்லை. கர்னல் தானாகவே விண்டோவை மெகாபைட் கணக்கில் வளர்க்கும். நீங்கள் -டபிள்யூ கொடுத்த நிமிடமே அந்தத் தானியங்கி நின்றுவிடும். பல லினக்ஸ் அமைப்புகளில் கையால் கேட்கும் பஃபருக்கு 212992 பைட் என்று உச்சவரம்பு வேறு இருக்கிறது. 4 மெகா கேட்டால் பழைய பதிப்பில் அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு, வேகம் முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதே என்று நிற்பீர்கள்; புதுப் பதிப்பு பிழை காட்டி ஓடவே மறுக்கும்.

விண்டோஸில் இந்த அறிகுறி வந்தால் முதலில் ஐபெர்ஃபின் பதிப்பைப் பாருங்கள். அதை எழுதுகிறவர்கள் விண்டோஸை அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. கிடைப்பதெல்லாம் சிக்வின் வழியாக மற்றவர்கள் கட்டியவை. 2016-ல் வந்த 3.1.3 இன்னும் பல லேப்டாப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்கு என்டிடிடிசிபி என்ற வேறு கருவியைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது.

முதல் சில வினாடி ஜோர், அப்புறம் பாதி

10 வினாடி மட்டும் ஓட்டினால் இது கண்ணில் படாமலே போய்விடும். -டி 60 போட்டுப் பாருங்கள். முதல் ஐந்தாறு வினாடி 180, பிறகு பலகையை வைத்து மட்டம் தட்டியதுபோல் 100 என்றால் வழியில் ஒரு வேகக் கட்டுப்பாடு இருக்கிறது; தொடக்கத்தில் கொஞ்சம் தாராளம் காட்டிவிட்டுப் பிறகு திட்டத்தின் வேகத்துக்கு இறக்கும். இது பழுதில்லை, நீங்கள் வாங்கியதே அதுதான். மட்டமாக இல்லாமல் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஒவ்வொரு இறக்கத்திலும் ரெட்ர் எகிறினால் அது வேறு. பாக்கெட்டுகள் நிஜமாகவே தொலைகின்றன.

இதற்கு நேர்மாறாக முதல் ஒரு வினாடி மட்டும் குறைந்து பிறகு நிமிர்ந்தால் டிசிபி மெல்ல வேகமெடுக்கிற இயல்பு அது. -பெரிய ஓ 3 போட்டால் முதல் மூன்று வினாடியைக் கணக்கில் சேர்க்காது.

300 சொச்சத்தில் நிற்கிறது

ஜிகாபிட்டுக்கும் 100-க்கும் நடுவில் இப்படி ஓர் எண் வந்தால் கேபிளை விடுங்கள், கருவியைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0-இன் பேப்பர் வேகம் 480 மெகாபிட்; நடைமுறையில் 300-ஐ ஒட்டித்தான் வரும். ஜிகாபிட் டாங்கிளை லேப்டாப்பின் பழைய யுஎஸ்பி துளையில் செருகியிருப்பீர்கள். சோதனைக்கென்று ராஸ்பெர்ரி பை எடுத்துப் போகிறவர்களும் பாருங்கள்: 3பி மாடலில் 100 மெகாபிட் ஈதர்நெட்தான், 3பி பிளஸ்ஸில் ஜிகாபிட் என்று போட்டிருந்தாலும் அது உள்ளே யுஎஸ்பி 2.0 வழியாகத்தான் போகிறது. நிஜ ஜிகாபிட் 4-ஆம் மாடலிலிருந்துதான்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட் அறையில் 310 வருகிறதென்று சுவிட்ச் போர்ட்டை மாற்றி, கேபிளை மாற்றி, ஒரு மதியம் முழுக்க ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் டாங்கிளை இடது பக்கத் துளையிலிருந்து வலது பக்க நீலத் துளைக்கு மாற்றினேன். 940. அங்கிருந்த லேப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தான்.

10 ஜிகாபிட் இணைப்பில் எண் குறைந்தால் சிபியுவின் ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். 2023 கடைசியில் வந்த 3.16-க்கு முன்புவரை ஐபெர்ஃப்3-இல் எத்தனை இணைப்பு போட்டாலும் எல்லாம் ஒரே திரெட்டில்தான் ஓடும். இரண்டு பக்கத்திலும் புதுப் பதிப்புக்கு மாறுங்கள்.

வைஃபையில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்

வரும். அது வைஃபையின் சுபாவம். காற்று ஒன்றுதான், எல்லோரும் முறை வைத்துப் பேச வேண்டும். போன் காட்டும் 433 மெகாபிட் இணைப்பு வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தாலே நல்ல வைஃபை. முதலில் அதே மெஷினை வயரில் போட்டு ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வயரில் 941, வைஃபையில் 40 என்றால் பிறகு பேச்சு வைஃபையைப் பற்றி மட்டும் இருக்கட்டும். 2.4-இல் இருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே நின்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சுவர் சுவராகத் தள்ளிப் போங்கள்.

ஐபெர்ஃப் 941, ஃபைல் காப்பி மட்டும் ஊர்கிறது

அப்படியென்றால் வயரும் சுவிட்சும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. மிச்சம் இருப்பது டிஸ்க், ஃபைல் ஷேரிங், ஆன்டிவைரஸ். 5 ஜிபி இருக்கும் ஒரே ஃபைலைக் காப்பி செய்து பாருங்கள், பிறகு அதே 5 ஜிபியைப் பத்தாயிரம் சின்ன ஃபைல்களாக. முதலாவது ஓடி, இரண்டாவது நொண்டினால் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடுகிற செலவுதான் காரணம். ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். முதலாவதே 20, 30 மெகாபைட்டைத் தாண்டவில்லையென்றால் அந்தப் பக்கம் பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்ற மாதம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இதுதான் நடந்தது. கேபிள் முழுக்க மாற்றுவதற்கு என்னிடம் எஸ்டிமேட் கேட்டிருந்தார்கள். ஐபெர்ஃப் இரண்டு பக்கமும் 941 காட்டியது, ரெட்ர் 0. எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போடச் சொல்லிவிட்டு, எஸ்டிமேட்டில் கேபிள் வரியை அடித்துக் கொடுத்தேன்.